'வித்' என்ற சொல் எதிரணியில் இருந்த காலம்

2024 ஜூன் 3, திங்கள்

பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள், 'வித்ஸ்டாண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கூட நிற்றல்' என்று நோட்டில் பொருள் எழுதியிருந்தாள். 'வித்' என்றால் உடன், 'ஸ்டாண்ட்' என்றால் நில் என்று அவள் பிரித்துப் பார்த்த முறை சரியானதே. சொல்லின் பொருளோ 'எதிர்த்து நிற்றல்'. காரணம் சொல்லாமல் அடித்துத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

2024 ஜூன் 5, புதன்

பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு 'எதிராக', 'எதிரே' என்பவையே முதன்மைப் பொருள்கள். பேயோவுல்ஃப் காப்பியத்தில், கிரெண்டல் என்னும் அரக்கனைத் தனியாளாக எதிர்கொள்ளப் போவதாக நாயகன் சூளுரைக்கும் இடத்தில், இச்சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. 10-ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட 'பால்டின் மருத்துவ நூல்' தலைவலிக்கான மருந்தையும் 'வித்' என்றே தொடங்குகிறது. தலைவலிக்கு எதிரான மருந்து என்பது கருத்து. நாம் அதையே 'தலைவலிக்கு மருந்து' என்று நான்காம் வேற்றுமையில் முடித்துவிடுகிறோம்.

2024 ஜூன் 6, வியாழன்

அப்படியானால் 'உடன்' என்பதற்கு அவர்கள் எதைச் சொன்னார்கள்? 'மிட்' என்றார்கள், ஜெர்மானியர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அது வழக்கொழிந்தாலும், மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது. 'வைஃப்' என்பதற்கு அன்று பெண் என்றே பொருள் என்பதால், பிரசவ வேளையில் பெண்ணுடன் இருப்பவள் என்று அச்சொல் விரியும். இத்தனை பரிவான சொல்லை நான் ஆங்கிலத்தில் அதிகம் கண்டதில்லை.

2024 ஜூன் 9, ஞாயிறு

எதிரணிச் சொல் நம் அணிக்கு வந்த வழி போர்க்களம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவனுக்கு எதிராகப் போரிடுபவன் அவனோடுதானே போரிடுகிறான்? ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இதே சொல்லின் இணை 'உடன்' என்ற பொருளிலும் வழங்கியது, இம்மாற்றத்துக்குத் துணைசெய்திருக்கலாம் என்பர். இடைக்கால ஆங்கிலத்தில் 'வித்', 'மிட்'டின் இடத்தை முழுதாக எடுத்துக்கொண்டது. பழைய பொருள் 'வித்ஸ்டாண்ட்' போன்ற சில கூட்டுச் சொற்களில் தங்கிவிட்டது.

இதை அவளுக்கு விளக்க ஆங்கிலம் தேவைப்படவில்லை. தொல்காப்பியம் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் 'ஒடு' உருபு, 'அண்ணனோடு சேர்ந்து பக்கத்து வீட்டானோடு சண்டை போட்டேன்' என்ற ஒரே வாக்கியத்தில் தோழனுக்கும் பகைவனுக்கும் நிற்பதைக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு 'எதிர்த்து நிற்றல்' என்று எழுதிக்கொண்டாள். பழைய விடையை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'மிட்ஸ்டாண்ட்?' என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள்.