ஒரு போன், ஒரு குடும்பம்

ஹட்டனில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது, ஆன்லைன் படிவம் நிரப்புவது என்று நாள் போய்விடும். போனில் என்ன பிரச்சினை வந்தாலும் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். பாஸ்வேர்ட் மறந்திருக்கும், இல்லாவிட்டால் மெமரி நிரம்பியிருக்கும். ஒரு அக்கா கொண்டுவந்தது வேறு மாதிரி.

தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்ற யோசனையில், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஏஜென்சிப் பக்கங்கள் சிலவற்றைப் போனில் பார்த்திருக்கிறார். மகள் சாதாரண தரத்துக்குப் படிப்பதும் அதே போனில்தான். பிள்ளை வினாத்தாள் தேடினால் குவைத் வீட்டுவேலை விளம்பரம். செய்தி பார்த்தாலும் அதே விளம்பரம். "அம்மா, நீ எங்கள விட்டுட்டுப் போகப் போறியா?" என்று கேட்டுவிட்டாளாம். "நான் இன்னும் முடிவே எடுக்கல தம்பி. இது எப்பிடி அவளுக்குப் போச்சு?" என்று அக்கா போனை மேசையில் வைத்தார்.

ஏஜென்சிப் பக்கத்தில் ஏஜென்சிக்காரர் மட்டும் இருப்பதில்லை. விளம்பரக் கம்பனியின் நிரல் ஒன்றும் அங்கே ஓடும். அது பிரவுசருக்குள் குக்கி என்ற சின்னக் குறிப்பைப் போட்டு, ஒரு இலக்கத்தைக் கொடுத்துவிடும். வினாத்தாள் பக்கத்திலும் அதே கம்பனி இருந்தால், இலக்கத்தைப் பார்த்து 'இது வெளிநாட்டு வேலை தேடிய ஆள்' என்று பிடித்துவிடும். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பனியில் லூ மொன்டுல்லி குக்கியை உருவாக்கியபோது, வாங்குபவர் கூடையில் போட்டதைக் கடைத்தளம் மறக்காமலிருக்க வேண்டும் என்பதுதான் தேவையாக இருந்தது.

போன் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்பதுதான் இந்தக் கணக்கு. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அது எடுபடாது. 10க்கு 12 அடிக் காம்பராவில் ஆளுக்கொரு மூலை கிடையாது. மனதில் கிடப்பதைத் தனியே தேடிப் பார்க்க போன் ஒன்றுதான் இடம். அதையும் விளம்பரம் வீட்டார் முன்னால் திறந்து போட்டுவிடுகிறது. கடன் தேடியவர், நோய்க்கு மருந்து தேடியவர் என்று யாருக்கும் இது நடக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஐபோனில் இருக்கும் பிரவுசரான சஃபாரி, மூன்றாம் தரப்புக் குக்கிகளை, அதாவது நாம் திறந்த தளம் அல்லாத வேறு கம்பனி போடும் குக்கிகளை, 2020லேயே முழுதாக அடைத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் பிரவுசர் 2022இல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியே பிரித்து வைத்தது. கூகிளும் 2020இல், இரண்டு வருடத்தில் தன் பிரவுசரான குரோமிலிருந்து அவற்றை எடுத்துவிடுவதாகச் சொன்னது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. எங்கள் கடைக்கு வருவதெல்லாம் விலை குறைந்த ஆண்ட்ராய்ட், உள்ளே இருப்பது குரோம். ஐபோன் வாங்க முடிந்தவருக்குக் கேட்காமலே கிடைக்கும் பாதுகாப்பை இந்த அக்கா கடை தேடி வந்து கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சரி, வேலையைப் பார்த்தோம். குரோமில் பழைய குக்கிகளை அழித்து, மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுத்தேன். கூகிள் கணக்கில் ஆளுக்கேற்ற விளம்பரத்தை நிறுத்தி, போன் செட்டிங்கில் விளம்பர அடையாள இலக்கத்தையும் நீக்கினேன். விளம்பரம் வரத்தான் செய்யும், ஆனால் தேடியதை வைத்துத் துரத்துவது குறையும் என்று சொன்னேன். பார்த்ததைச் சேமிக்காத இன்காக்னிட்டோ முறை போதாதா என்று அக்கா கேட்டார். மூடியதும் போனில் தடம் இருக்காது, அந்த அளவுக்கு உதவும். போய்ப் பார்க்கும் தளத்துக்கு நாம் வந்தது தெரியத்தான் செய்யும்.

அப்புறம் அக்காவுக்கென்று ஃபயர்பாக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிரவுசரின் குக்கியை இன்னொன்று படிக்காது. குரோமை மகளுக்கு விட்டோம், அவளுக்கென்று தனிக் கூகிள் கணக்கும் திறந்தோம். வயதைக் கூட்டிப் போடுவதுதான் இங்கே வழக்கம். நான் பிறந்த வருடத்தை உள்ளபடியே போடச் சொன்னேன். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அவர்களின் வயதையோ விருப்பங்களையோ பார்த்து விளம்பரம் காட்டுவதை நிறுத்துவதாக 2021இல் கூகிள் அறிவித்திருக்கிறது.