கீழே என்ன இருக்கும்

பிப்ரவரி 26, 2024

ஆஸ்பத்திரி அட்மிஷன் ஃபாரத்தில் தொழில் என்று ஒரு கட்டம். நான் யோசிப்பதற்குள் அப்பா "அண்டர்கிரவுண்ட்" என்றார். கவுன்ட்டர் பையன் நிமிராமலே கேட்டான், "மெட்ரோவா அங்கிள்?" அப்பா சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

பிப்ரவரி 27

இருமல் குறையவில்லை.

பிப்ரவரி 28

கோலார் தங்கவயலில் அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடியது 2001-இல் இதே நாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே தேதி கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எக்ஸ்ரேயில் ரவை தூவிய மாதிரி வெள்ளை. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்கா தூசியாம். எத்தனை வருஷம் கீழே இறங்கினார் என்றார் டாக்டர். 26 என்றேன். "27" என்று அப்பா திருத்தினார்.

பிப்ரவரி 29

தூக்கமில்லை. அந்தச் சத்தம்தான். சின்ன வயதில், ராத்திரியில் அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். கீழே சுரங்கத்தில் பாறை வெடித்திருக்கும். லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். அப்பா எந்த ஷிஃப்ட் என்று தெரிந்தும் அம்மா பக்கத்து வீட்டில் போய்க் கேட்பாள். விடிந்து அவர் வந்ததும் நான், "கீழ என்னப்பா இருக்கும்?" "இருட்டு." எப்போதும் அவ்வளவுதான். வட ஆற்காட்டிலிருந்து வந்த தாத்தா இன்னும் மோசம், கேட்டால் வெற்றிலை மடிப்பார். அவர்கள் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்பதையே கப்பன் பார்க் நூலகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் பதில் சொல்லியிருந்தால் எழுத வந்திருப்பேனா?

மார்ச் 1

எடிட்டர் இரண்டு முறை கூப்பிட்டார். வறண்ட போர்வெல் கட்டுரை. ஆஸ்பத்திரி வாசலிலேயே டேங்கர் நிற்கிறது. போன வருஷம் சாக்கடைக்குள் இறங்குகிறவர்கள், அதற்கு முன் கல்குவாரி. எனக்கு வேறு எதுவும் தோன்றாது போல.

மார்ச் 2

அப்பா குஷியில் இருக்கிறார். பக்கத்து பெட்காரரிடம், "பெங்களூருக்கு 1905-லதான் கரண்ட். எங்களுக்கு 1902-லயே சிவசமுத்திரத்துல இருந்து வந்துடுச்சு" என்று பீற்றல். தாத்தா வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

மார்ச் 4

பயாப்சி ரிசல்ட் நாளைக்காம்.

மார்ச் 5

மறுபடி நாளைக்காம்.

ராத்திரி இரண்டு மணி. மாஸ்க்கை விலக்கி, "பாப்பா, எழுதிக்க" என்றார். பேனா கிடைக்கவில்லை, மருந்துச் சீட்டின் பின்னால் கண்மையால் எழுதினேன். "கூண்டு இறங்கறப்ப காது அடைக்கும். எச்சில் முழுங்கணும். புதுசா வர்ற பசங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லுவோம். அப்புறம்..." நர்ஸ் வந்து மாஸ்க்கை மாட்டிவிட்டுப் போனாள்.

மார்ச் 6

இன்னும் தூங்குகிறார். ரிசல்ட் வந்துவிட்டது, மூன்றாவது மாடிக்கு வரச் சொல்கிறார்கள்.