என் மடிக்கணினியிடம் தோற்ற சூப்பர் கம்ப்யூட்டர்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த எனக்கு அனுமதி கிடைத்தது. மடிக்கணினியில் ஆறு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த நிரலை அப்படியே தூக்கி அதில் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும் என்று நினைப்பு. ஆனால் அங்கே எதுவும் உடனே ஓடாது. எல்லோருடைய வேலைகளும் வரிசையில் நிற்கும், இடம் காலியானால்தான் நம் முறை. மறுநாள் காலை பார்த்தேன். வரிசையில் நின்றதைக் கழித்தாலும் ஒன்பது மணி நேரம் எடுத்திருந்தது!

தப்பு என்னுடையதுதான். என் நிரல் ஒரே ஒரு கோரில், அதாவது செயலிக்குள் கணக்குப் போடும் ஒரே ஒரு தனி அலகில், ஓடும்படி எழுதப்பட்டது. சூப்பர் கம்ப்யூட்டரின் ஒற்றைக் கோர் நம் கணினியில் இருப்பதைவிட வேகமானது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் உலகின் முதலிடம் பிடித்த இயந்திரம், நொடிக்கு 1-க்குப் பின் 18 சுழியங்கள் போட்ட எண்ணையும் தாண்டிக் கணக்குப் போடும். அதன் சிபியுக்களின் (மையச் செயலிகளின்) அடிப்படைக் கடிகார வேகமோ வெறும் 2 கிகாஹெர்ட்ஸ். பலம் எண்ணிக்கையில் இருக்கிறது: ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோடுகள் (ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட தனித்தனிக் கணினிகள்), ஒவ்வொன்றிலும் 64 கோர் கொண்ட ஒரு சிபியு, ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் நான்கு ஜிபியுக்கள்.

அப்படியானால் ஆயிரம் மடிக்கணினிகளை வாங்கி வைஃபையில் கோத்துவிட்டால் போதாதா? நானும் கேட்டேன். போதாது. வானிலைக் கணிப்பில் வளிமண்டலத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி நோடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒரு கட்டத்தின் காற்று பக்கத்துக் கட்டத்துக்குள் வீசும் அல்லவா? அதனால் கணக்கின் ஒவ்வொரு படியிலும் நோடுகள் தங்களுக்குள் எண்களைப் பரிமாறியாக வேண்டும். அந்தப் பேச்சு தாமதமானால் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நோடுகளை இணைக்கும் வலையமைப்புக்கே தனி வன்பொருள், தனிச் செலவு. இந்தக் கவலை பழையது. 1976-இல் வந்த கிரே-1 இயந்திரத்தை சீமோர் கிரே வளைந்த வடிவில் அமைத்தது அழகுக்காக அல்ல, உள்ளே ஓடும் கம்பிகளின் நீளத்தைக் குறைக்கத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும்படி நிரலைப் பிரித்து எழுத மூன்று மாதம் ஆனது. அதில் ஐந்து சதவீதத்தை மட்டும் எப்படிப் புரட்டியும் பிரிக்க முடியவில்லை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொல்லிவிட்டுப் போன கணக்குப்படி, அந்த ஐந்து சதவீதம் இருக்கும்வரை எத்தனை ஆயிரம் கோர் கொடுத்தாலும் இருபது மடங்குக்கு மேல் வேகம் வராது. எனக்குப் பதினாறு மடங்கு வந்தது. அங்கே ஒன்பது மணி நேரம் எடுத்த வேலை முப்பத்து நான்கு நிமிடத்தில் முடிந்தது.

வரிசையில் நின்ற பதினொரு மணி நேரத்தை நான் சேர்க்கவில்லை.