ஒரே வேகம், வேறு வேறு உழைப்பு

இரண்டு முதியவர்கள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கிறார்கள். ஒருவர் நிமிடத்துக்கு 100 அடி வைக்கிறார், ஒவ்வோர் அடியும் 60 செ.மீ. மற்றவர் வைப்பது 120 அடி, ஒவ்வொன்றும் 50 செ.மீ. ஸ்டாப்வாட்சுக்கு இருவரும் ஒன்றுதான். அடிநீளத்தை மீட்டரில் எடுத்து நிமிட அடிகளால் வகுத்தால் முதலாமவருக்கு 0.006, இரண்டாமவருக்கு ஏறத்தாழ 0.0042 வரும். குட்டை அடிகளை வேகவேகமாக வைத்துத்தான் அவர் ஈடுகட்டுகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். முதியவர்களின் நடையை அளக்க இடுப்பில் கட்டும் சென்சார் தரும் எண்களில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் இது திறனின் அளவு ஆகாது. ஒரு மீட்டர் நடக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்பதே திறன். அதற்கு முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளக்க வேண்டும். நுகர்வு நிலைப்பட இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும் என்பதால் முதல் மூன்று நிமிடங்களை விட்டுவிட்டு, அடுத்த இரண்டின் சராசரியை உடல் எடையாலும் வேகத்தாலும் வகுக்கிறோம். உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவையும் தனியாக அளந்து கழித்தாக வேண்டும். ஓய்வில் கிலோவுக்கு நிமிடம் 3.5 மி.லி. என்று வைத்தால், நிமிடத்துக்கு 30 மீட்டர் நடப்பவரின் கணக்கில் மீட்டருக்கு 0.117 மி.லி. ஏறிவிடும், 72 மீட்டர் நடப்பவருக்கு 0.049தான். கழிக்காவிட்டால் மெதுவாக நடப்பவர் எல்லாருமே திறன் குறைந்தவர்களாகத் தெரிவார்கள்.

முகமூடி இல்லாமல் இடுப்பு சென்சாரிலிருந்தே கலோரி சொல்லும் சூத்திரங்களை முதியவர்களிடம் நம்ப முடியாது. விழுந்துவிடுவோமோ என்று அஞ்சி நடப்பவர் தொடையின் முன்தசையையும் பின்தசையையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிப்பார். உடம்பு குறைவாக அசையும், ஆற்றலோ கூடுதலாகச் செலவாகும். சென்சாருக்குள் அசைவை அளக்கும் முடுக்கமானிக்கு அந்த இறுக்கம் தெரியாது. உண்மையில் அதிகம் உழைப்பவரை அது குறைவாக உழைப்பவராகக் காட்டும்.

சென்சாரைக் கீழ்முதுகில், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் கட்டுகிறோம். முதியவர்களின் தோல் மெலிந்தது, ஒட்டுநாடாவைப் பிரிக்கும்போது கிழியலாம். அகலமான எலாஸ்டிக் பெல்ட்டே நல்லது. கூன் விழுந்த முதுகில் அது 10 பாகை சாய்ந்தாலே புவியீர்ப்பிலிருந்து 1.7 மீ/நொடி² முன்பின் அச்சில் கலந்துவிடும். நிற்கும்போது எடுத்த சாய்வு மட்டும் போதாது, நடக்கும்போது பலர் இன்னும் முன்னால் குனிவார்கள். சீராக நடக்கும் பகுதியின் சராசரியிலிருந்தே சாய்வைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்.

பெல்ட் தளர்வுதான் அதிகம் ஏமாற்றுவது. கால்நீளத்தையும் இடுப்பின் ஏற்ற இறக்கத்தையும் கொண்டு, ஊன்றிய காலைத் தலைகீழ் ஊசலாகக் கருதும் சூத்திரத்தால் அடிநீளத்தைக் கணிக்கிறோம். 85 செ.மீ. கால், 3 செ.மீ. ஏற்ற இறக்கம் என்றால் ஏறத்தாழ 45 செ.மீ. வரும், 1.25ஆல் பெருக்கும் வழக்கமான திருத்தத்தோடு 56. பெல்ட் 5 மி.மீ. கூடுதலாக ஆடினால் அதே நடை 60 ஆகிவிடும். மருந்தோ பயிற்சியோ பலன் தந்ததாக நினைக்க அந்த 4 செ.மீ. போதும். அதனால் நடைபாதையில் தூரத்தைக் குறித்து, வீடியோவில் அடிகளை எண்ணிச் சரிபார்க்காமல் எந்த அடிநீளத்தையும் பதிவு செய்வதில்லை.

பாதை 10 மீட்டர் என்றால், வேகம் பிடிக்கவும் குறைக்கவும் இரு முனையிலும் 2 மீட்டர் விட, மிஞ்சுவது 6 மீட்டர், அதாவது பத்து அடிகள். சராசரி வேகத்துக்கு அது போதும். அடிக்கு அடி உள்ள ஏற்றத்தாழ்வைச் சொல்லப் போதவே போதாது. 30 மீட்டர் தாழ்வாரம் கிடைத்தால் திரும்பும் இடங்கள் குறையும். திருப்பங்களை, சென்சாரில் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பின் செங்குத்து அச்சை வைத்து வெட்டி எடுத்துவிடலாம்.

வாக்கர் பிடித்து நடப்பவரின் குதிகால் அதிர்வு மங்கலாக இருக்கும், எவ்வளவு அதிர்ந்தால் ஓர் அடி என்று இளையவர்களுக்கு வைத்த வரம்பு பல அடிகளைத் தவறவிடும். வரம்பை ஒவ்வொருவருக்கும் தனியாக வைக்க வேண்டும், அல்லது கணுக்காலில் இன்னொரு சென்சார் கட்ட வேண்டும். ஊன்றுகோலோடு எடுத்த அளவையும் இல்லாமல் எடுத்ததையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கக் கூடாது. காலணி மாறியிருந்தாலும் அப்படியே.