முட்டி நிமிர்ந்ததும் கோணம் போச்சு: பாலே, ஐந்தாம் மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டீச்சர் என் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து மாதத்தில் இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் நடக்கிற பாலே வகுப்பு. நாலரைக்குப் பிள்ளைகள், ஆறு மணிக்குப் பெரியவர்கள். மகளைச் சேர்க்கத்தான் போனேன். ஒரு மாதம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன், அப்புறம் பொறுக்கவில்லை. சின்ன வயதில் ஏழு வருஷம் பரதம் ஆடியிருக்கிறேன். அரைமண்டியில், அதாவது முட்டியை இரண்டு பக்கமும் விரித்து மடக்கி, நின்று பழகியவளுக்கு பாலேயில் முட்டி மடக்குகிற ப்ளியே என்ன பெரிய வித்தை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் முட்டிக்கு வினையாக வந்தது.

பர்ஸ்ட் பொசிஷன் என்றால் குதிகால்களைச் சேர்த்து, விரல்களை வெளியே திருப்பி நிற்பது. முதல் நாளே அதில் பாதத்தை முடிந்த மட்டும் விரித்துத் திருப்பி நின்றேன். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் எல்லாம் ஏதோ வி எழுத்து மாதிரி நிற்க, நான் மட்டும் கிட்டத்தட்ட நேர்கோடு. பெருமை தாங்கவில்லை. டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, விரல் சுவரைப் பாக்குது, முட்டி என்னைப் பாக்குது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் இதே பாட்டு. மூன்றாவது மாதம் மாடிப்படி இறங்கும்போது வலது முட்டியின் உள்பக்கம் சுருக்கென்று பிடிக்க ஆரம்பித்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், முதலில் முட்டியை மடக்கி, அரைமண்டிக்கு வைப்பது போலப் பாதத்தை அகலமாக வெளியே திருப்பி வைத்துக்கொண்டு, அப்படியே நிமிர்வது. இடுப்பு மூட்டின் முன்பக்கம் கெட்டியான ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. இடுப்பு மடங்கி இருக்கும்போது அது தளர்ந்து கொடுக்கும், தொடை நன்றாக வெளியே திரும்பும். நிமிர்ந்ததும் இறுகிப் பிடித்து, தொடையை உள்ளே இழுத்துவிடும். பாதமோ தரையைப் பற்றிக்கொண்டு இடத்தை விட்டு அசையாது. மேலே தொடை ஒரு பக்கம், கீழே பாதம் ஒரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கு வாங்குவது முட்டி. அரைமண்டியில் ஆட்டம் முழுக்க முட்டி மடங்கியே இருப்பதால் இந்தச் சோலியே இல்லை. பாலேயில் மடக்குவது ஒரு நொடி, நிமிர்ந்து நிற்பதுதான் மிச்சம் எல்லாம்.

சரி, எவ்வளவுதான் வித்தியாசம் என்று அளந்து பார்த்துவிடுவோம் என்று ஒரு ராத்திரி இறங்கினேன். குதிகாலைச் சேர்த்து நான் நிற்க, மகள் என் பாதத்தைச் சுற்றி மாவு தூவினாள். பாதத்தை எடுத்தால் அச்சு அப்படியே இருக்கும். குதிகால் நடுவிலிருந்து இரண்டாம் விரலுக்கு ஒரு நூல், அவள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானி. முதல் தடவை பச்சரிசி மாவைத் தூவிவிட்டோம். கோணமானியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. கல்லுப்பொடிதான் சரி.

அரைமண்டியில் 136 டிகிரி. முட்டியை நேராக வைத்து, சாக்ஸ் போட்ட காலை மொசைக் தரையில் தானாகத் திரும்பும் அளவுக்குத் திருப்பினால் 94. நடுவில் இருக்கிற 42 டிகிரியையும் நான் முட்டியிடமும் கணுக்காலிடமும் கடன் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாக்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வெறுங்காலோடு நின்றால் தோல் தரையைப் பிடித்துக்கொள்ளும், ஏமாற்றலாம். வழவழப்பான தரையில் சாக்ஸோடு நின்றால் ஏமாற்ற முடியாது. இடுப்பு திருப்பித் தராத கோணத்தில் பாதம் நிற்காது, வழுக்கி உள்ளே வந்துவிடும். தினமும் பத்து நிமிஷம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் செய்தேன். இரண்டு பாதமும் நேராக, பிறகு ஒரு காலில் எடை, மற்றக் காலைத் தொடையிலிருந்து திருப்பி வைப்பது, பிறகு அடுத்த கால். பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் இருக்க வேண்டும். உள்பாதம் சரிந்தால் கணக்கில் சேராது. அப்புறம் பத்தமடைப் பாயில் ஒருக்களித்துப் படுத்து, குதிகாலைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேல்முட்டியைத் திறந்து மூடுவது, பக்கத்துக்கு இருபது.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "என்னட்டி பண்ணுத, கம்பியப் புடிச்சிக்கிட்டு?" என்பாள். நிமிர்ந்து நிற்கப் பழகுகிறேன் என்றால், "நம்ம நெல்லையப்பர் கோயில் தாமிரசபையில நடராசர் ஆடுதாரே, அவரு காலப் பாரு. முட்டி மடங்கித்தான இருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்ற பிறகுதான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதத்துக்குப் போனார். எனக்கு வழி தலைகீழ். அவருக்கு அரைமண்டி இப்படிப் படுத்தியதா என்று கேட்க ஆசை.

இப்போது கணக்கு 101. ஏழு டிகிரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று சிரிக்கலாம். ஆனால் இந்த 101 என்னுடையது. காலை முன்னால் நீட்டினாலும் குதிகாலைத் தூக்கி ரெலெவேயில் ஏறினாலும் கலைவதில்லை. படியில் இறங்கும்போது வலியும் இல்லை.

பாலே ஷூவைப் பற்றிப் புலம்பாமல் முடிக்க முடியாது. இங்கே கடையில் கிடைக்காது, ஆன்லைனில்தான். வெளியே போடுகிற செருப்பின் அளவைக் கொடுத்து வாங்கினேன், உள்ளே விரல் நீந்தியது. காகிதத்தில் பாதம் வரைந்து, சென்டிமீட்டரில் அளந்து மறுபடி வாங்கினேன். எலாஸ்டிக் தனியாக வரும், நாம்தான் தைக்க வேண்டும். டவுனில் ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். நல்ல கெட்டித் தையல், ஆனால் ஓரத்து மடிப்புக்குள் ஓடுகிற சுருக்குக் கயிற்றையும் சேர்த்துத் தைத்துவிட்டார். கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. நானே உட்கார்ந்து பிரித்து, மடிப்புக்குக் கீழே கைத்தையல் போட்டேன். தைக்கக் கொடுப்பவர்கள் இந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

மகளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகளை டீச்சர் கோணம் பார்த்து நிறுத்துவதே இல்லை. பட்டாம்பூச்சி உட்காருவது, குதிரை ஓட்டம், தாளத்துக்குக் கை தட்டுவது. அவளுக்கு ஒரே கவலை, விரல் நுனியில் நிற்க உதவும் முனை வைத்த ஷூ எப்போது கிடைக்கும் என்பது. எலும்பு முற்ற வேண்டும், காலில் பலம் ஏற வேண்டும், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு மேலே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். இவளுக்கு இப்போது ஏழு. விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் எனக்கு ஒரே குறை, தரை. டைல்ஸுக்கு மேலே வினைல் விரித்திருக்கிறார்கள், அடியில் மரமோ நுரையோ கிடையாது. பெரியவர்களுக்குக் குதிப்பு எல்லாம் பேருக்குத்தான். குற்றாலத்தில் சாரல் விழுந்த வாரம் பாதிப் பேர் அருவிக்குப் போய்விட, வந்த நாலு பேரை டீச்சர் கொஞ்சம் குதிக்க விட்டார். ராத்திரி கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மச்சு அறையில் ப்ளைவுட்டுக்கு அடியில் நுரைத் துண்டு ஒட்டி ஆறுக்கு நாலில் ஒரு மேடை செய்யலாமா என்று யோசனை.

அதற்கு முன்னால், பிடித்துக்கொண்டு பழகச் சுவரில் ஒரு கம்பி. வண்ணார்பேட்டையில் ஒன்றரை அங்குல ஜிஐ பைப் வாங்கி வந்துவிட்டேன். எனக்கு 42 அங்குல உயரத்தில் ஒன்று, மகளுக்கு 32ல் ஒன்று. துளை போட வந்த ஆள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய காரைச்சுவர், பூச்சு பெயர்ந்து வரும், கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை வருகிறேன் என்று போனார். இரண்டு வியாழன் ஆகிவிட்டது. பைப்பில் அம்மா துண்டு காயப்போட்டிருக்கிறாள்.