தலைப்பு பிடிக்க ஒரு அகரவரிசைக் கட்டம்

என் குறிப்புகளை முதல் எழுத்துவாரியாகச் சேர்க்க ஒரு அகரவரிசைக் கட்டம் போட்டிருந்தேன். எழுதத் தலைப்பு பிடிக்க ஒருவழியாக அது வேலை செய்துவிட்டது. நேற்று இரவு குறிப்பேட்டில் 'கா' பக்கத்தைத் திறந்தேன். எழுதத் தகுந்த தலைப்பு ஒன்று முழுசாகக் கிடைத்தது. அந்த உற்சாகத்தில்தான் இந்தப் பதிவு.

குறிப்பெடுப்பது பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். தேதிவாரியாகக் கிடக்கும் குறிப்புகள் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. தேடுபொறியில் 'ஏன்' என்று தட்டி, கீழே வரும் பரிந்துரைகளில் தலைப்பு தேடும் வழியையும் பார்த்துவிட்டேன். பலரும் ஏற்கெனவே கேட்டவை என்பதால்தான் அவை அங்கே வருகின்றன. 'எழுத நூறு தலைப்புகள்' வகைப் பட்டியல்கள் இன்னும் மோசம். 'நட்பு' என்று ஒற்றைச் சொல்லை நீட்டினால் அதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

தத்துவவாதி ஜான் லாக் தன் குறிப்பேடுகளுக்கு ஒரு அட்டவணை முறை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு, 1706-இல் அது ஆங்கிலத்தில் வெளியானது. ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு தலைச்சொல், அதாவது அதை அடையாளம் காட்டும் ஒரு சொல். அந்தச் சொல்லின் முதல் எழுத்தையும் அதையடுத்து வரும் முதல் உயிரையும் சேர்த்து ஒரு கட்டம்; குறிப்பு இருக்கும் பக்க எண் அதற்குள். 20 எழுத்துக்கு 5 உயிர் வீதம் மொத்தம் 100 கட்டங்கள். தமிழில் இது இன்னும் சுலபம். உயிர்மெய்யிலேயே இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் சொல் தொடங்காது என்பதால் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ என்று ஒன்பது வரிசை போட்டேன். அதோடு தனி உயிர்களுக்கு ஒன்று, ரயில், டயர் மாதிரிச் சொற்களுக்கு ஒன்று. ஔ பகுதியை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. மௌனமும் கௌரவமும் அங்கேதான் வருகின்றன, அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையான வேலை தலைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. லிஃப்டுக்கு நிற்பவர்கள், விளக்கு எரிந்த பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதைக் குறித்திருந்தேன். 'லிஃப்ட்' என்று போட்டால் அந்தக் குறிப்பு அங்கேயே தூங்கும். எது என்னை நிறுத்திப் பார்க்க வைத்ததோ அதுதான் தலைச்சொல்: காத்திருப்பு. அதே பக்கத்தில் 'காலம்' என்ற தலைச்சொல்லில் இன்னொன்று கிடந்தது: தரவிறக்கப் பட்டை 99 சதவீதத்தில் நின்றால் வரும் எரிச்சல், 40-இல் நின்றால் வருவதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததும் கேள்வி தானாக வந்தது: முடியும் நேரம் தெரிந்த காத்திருப்பு ஏன் லேசாக இருக்கிறது, முடியப்போகும் நேரத்தில் மட்டும் ஏன் கனக்கிறது? அகரவரிசைக்குப் பொருள் தெரியாது. அதனால்தான் நான் சேர்த்து யோசித்திருக்காத இரண்டை அது பக்கத்தில் உட்கார வைக்கிறது. பொருள்வாரியாகப் பிரித்திருந்தால் ஒன்று 'கட்டடம்', இன்னொன்று 'கணினி' என்று போயிருக்கும்.

கேள்வி வந்தாலும் உடனே எழுத உட்காருவதில்லை. எதையும் புரட்டாமல் ஐந்து வாக்கியம் எழுத முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் அது என் தலைப்பு. மூன்றிலேயே நின்றால் மறுபடி கட்டத்துக்குப் போய்விடும்.

தாள் பற்றி ஒரு வார்த்தை: இங்க் பேனா பிடிப்பவர்கள் மெல்லிய தாளைத் தொடாதீர்கள். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள) தாளில் மறுபக்கம் சுத்தமாக இருக்கிறது. பக்க எண் அச்சிட்ட குறிப்பேடு கிடைத்தால் விடாதீர்கள். இந்த அட்டவணையில் கட்டத்துக்குள் எழுதுவதே பக்க எண்ணைத்தான்.

அடுத்து குறிப்பேட்டை விட்டு, குறிப்புக்கு ஒன்றாகத் தனித்தனி அட்டைக்கு மாறும் ஆசை இருக்கிறது. சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 அட்டைகள் சேர்த்தவர். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணாலேயே மற்ற அட்டைகளைச் சுட்டுவார். அகரவரிசை தற்செயலாகச் சேர்ப்பதை அங்கே நாமே கைப்பட இணைக்கலாம். அட்டைக்கு ஏ6 அளவு போதும் என்று நினைக்கிறேன். ஆனால் பழைய குறிப்பேடுகளிலிருந்து 'த' வரிசையைத் தாண்டி இன்னும் கட்டத்தில் ஏற்றவில்லை. 'ப', 'ம' இரண்டும்தான் பெரியவை. அவற்றை முடித்துவிட்டு அட்டை வாங்குகிறேன்.