நிராகரிப்பு மெயிலை எப்பிடி வாசிக்கிறது

நாவல் எழுதி முடிச்சாச்சு, இனி என்ன செய்யிறது எண்டு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து எழுதுற தம்பி தங்கச்சிமார் கேக்கிறியள். தமிழில எண்டா நேரா பதிப்பகத்துக்கே அனுப்பலாம். நான் எழுதினது இங்கிலிஷில, லண்டனில பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட், அதாவது எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோட பேசிப் புத்தகத்தை விக்கிறவர், இல்லாம வாறதைப் பெரும்பாலும் எடுக்காயினம், அதால முதல்ல ஏஜென்டைத்தான் பிடிக்கவேணும்.

அவை வழமையாக் கேக்கிறது ஒரு கடிதம், ஒரு சினொப்சிஸ் (கதைச்சுருக்கம்), முதல் மூண்டு அத்தியாயம். சினொப்சிஸில கதையின்ர முடிவையும் சொல்லோணும், ஒளிச்சு வைக்கக்கூடாது. பிறகு மாசக்கணக்கில காத்திருக்கிறதுதான். சிலபேர் பதிலே போடாயினம், அதுவும் இல்லை எண்டதுதான்.

"எழுத்து நல்லாயிருக்கு, எங்கட லிஸ்டுக்குப் பொருந்தேல்ல" எண்டு வாற மெயில் எல்லாருக்கும் போற மெயில், அதை வைச்சுக்கொண்டு இரவிரவா முழிச்சிருந்து உங்களை நீங்களே விசாரிக்காதேங்கோ. ஆனா ஒருத்தர் உண்மையா வாசிச்சுப்போட்டு ரெண்டு வரி எழுதினா அதை விடாதேங்கோ. என்ர முதல் அத்தியாயம் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயிற காலமை, ஊரே குளக்கட்டில நிக்கும், ஒரு ஏஜென்ட் எழுதியிருந்தா, இவ்வளவு பேருக்குள்ள நான் ஆருக்குப் பின்னால போறது எண்டு. எனக்குச் சுள்ளெண்டு பட்டது, அவ கேட்டது சரி. இப்ப அந்த அத்தியாயத்தில அம்மம்மா மட்டும்தான் நிக்கிறா, செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சபடி, மற்ற ஆக்களின்ர சத்தம் மட்டும் பின்னால கேக்குது.

இன்னொரு ஏஜென்ட் 2009 சண்டையைக் கூடுதலாக் காட்டச் சொன்னவர், ஷெல் விழுறதைக் காட்டினா வாசகர் கதைக்குள்ள இறங்குவினமாம். நான் நன்றி சொல்லி எழுதிப்போட்டு அதைத் தொடவேயில்ல. என்ர நாவல் மீள்குடியேறி வந்து எல்லைக்கல்லுத் தேடி வேலி அடைக்கிற சனத்தைப் பற்றினது. எங்கட ஆக்கள் செத்ததை மட்டும்தான் உலகம் வாசிக்கும் எண்டா, அதுக்குப் பிறகு கிணறு இறைச்சு, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பி வாழ்ந்ததை ஆர் எழுதுறது? ஆக்களைக் குறை, வேகத்தைக் கூட்டு எண்டு சொன்னாக் கேப்பன், கதை எதைப் பற்றினது எண்டதை மாத்தச் சொன்னா மாத்தமாட்டன், நீங்களும் மாத்தாதேங்கோ.

காசு விசயம் ஒண்டு. ஏஜென்ட் புத்தகத்தை வித்தாப் பிறகுதான் தன்ர பங்கை எடுக்கிறது, வழமையா 15 வீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 வீதமளவில. வாசிக்கவே காசு தா எண்டு ஆராவது கேட்டா உடன விட்டிட்டு வாங்கோ, வெளிநாட்டுப் பேரைக் கண்டு நம்பி அனுப்பாதேங்கோ.

ஏஜென்ட்மாருக்காகக் காத்திருக்கிற நேரத்தில கிரேஷியன் பரிசுக்கும் அனுப்பலாம். எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி 1992 இல தனக்குக் கிடைச்ச புக்கர் பரிசுக் காசில தொடங்கினது, இலங்கையில இருந்து இங்கிலிஷில எழுதுற ஆக்களுக்கு. புத்தகமா வராத பிரதியையும் எடுப்பினம்.